மேலும் ஆய்வு தேவை

விழுப்புரம்,
ஞாயிறு பிற்பகல்.

மரியாதைக்குரிய மச்சான் திரு. ம. இருதயராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் நெடுஞ்செழியன் வணக்கம் சொல்லி எழுதும் மடல். நானும் உங்கள் தங்கை அன்புச்செல்வியும் பிள்ளை வேணியும் உடம்பளவில் சுகம். உங்கள் சுகத்தையும் உங்கள் துணைவி தங்கச்சி கலைப்பிரியா, உங்கள் மகன் மாப்பிள்ளை பூவரசன் ஆகியோரின் சுகத்தையும் அறிய ஆவல். ஓசூரில் குளிர் எப்படி என்று கேட்பது முறை. சொல்ல வேண்டிய வேறு விஷயம் இருப்பதால் குளிரை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான்கு முறை போன் செய்தேன். ‘அப்பா’ என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் நான்கு முறையும் ஓசூரில் சிக்னல் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது, வேறொன்றும் வரவில்லை. கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் தங்கையைப் பற்றிய புகார். ஒன்பது வருடம் நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்தினாள். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறையில் கௌரவ விரிவுரையாளராகப் போய்வந்துகொண்டிருந்தாள், நான் என் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன், இருவருக்கும் பேசிக்கொள்ள நேரமில்லாததால் சண்டையும் இல்லை. உங்கள் அம்மா, அத்தை சவுரியம்மாள் அடக்கம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், ஒருநாள் காலையில் இட்லியை வைத்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டேன் என்றாள். நல்ல சேதிதானே என்று டிப்போவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். தலைப்பு என்னவென்று கேட்கவில்லை, அதுதான் நான் செய்த தப்பு. கல் உடைக்கும் கிரஷர்களில் வேலை செய்தவர்களின் உடல்நலமும் குடும்ப நிலையும் என்பது தலைப்பு என்று லட்டு தீர்ந்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் அப்பா கிரஷரில் பதினான்கு வருடம் கல்லுக்குத் துளை போட்டவர் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் எத்தனையோ தலைப்பு இருக்கும்போது எதற்கு இது என்று கேட்டேன். “எனுக்குத் தெரிஞ்ச ஊரு, தெரிஞ்ச ஜனம். ஜல்தியா முடிஞ்சிடுங்க” என்றாள். மூன்று வருடம் ஆகிறது மச்சான். ஜல்தியாக முடிந்தது என் நிம்மதி ஒன்றுதான்.

அவளுடைய நெறியாளர் சக்கரபாணி சார் நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார், ஒரு வேலையை மூன்று முறை திருப்பிக் கொடுப்பார். அவர் முதலில் கேட்டது இலக்கிய மீளாய்வு. அன்பு அதைச் சொன்னபோது அவள் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, பாவம், தமிழ் படிக்காத பெண், இலக்கியத்துக்கு எங்கே போவாள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. திண்டிவனத்தில் பெரியதம்பி ஐயா என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், என் பஸ்ஸில் வாடிக்கையாக வருகிறவர். அவரிடம் கல்லைப் பற்றி இலக்கியத்தில் ஏதாவது இருக்கிறதா ஐயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. திண்டிவனத்தில் ஆரம்பித்தவர் விழுப்புரம் வரும்வரை நிறுத்தவில்லை. நடுகல் என்றார், மலை என்றார், சிலை செய்த கல், சேலை துவைத்த கல், கல்லாகிப் போன மனசு என்று போய்க்கொண்டே இருந்தார், நான் இரண்டு ஸ்டாப்பில் விசில் ஊத மறந்து ஜனங்களிடம் பேச்சு வாங்கினேன். மறுநாள் இரண்டு பை நிறையப் புத்தகம் கொடுத்தனுப்பினார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து, யாரும் மிதிக்காமல் காபந்து பண்ணிக் கொண்டுவந்து அவள் முன்னால் இறக்கினேன். உங்கள் தங்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“இது இல்லீங்க. நமக்கு முன்னாடி இதப் பத்தி யார் யார் பாத்தாங்க, என்னா கண்டுபுடிச்சாங்க, எதப் பாக்காம வுட்டாங்கன்னு தேடிப் படிச்சி எழுதணும். அவங்க பாக்காம வுட்ட எடத்துலதான் நம்ம வேலயே கீது.”

அப்படியானால் அதற்கு எதற்கு இலக்கியம் என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். அது தனக்கும் தெரியாது, அதைப் பற்றியும் எவராவது எழுதியிருப்பார்கள் என்றாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, எந்தப் பாட்டெல்லாம் பயன்பட்டது என்று பெரியதம்பி ஐயா கேட்டார். எல்லாமே என்று சொல்லிவிட்டு டிக்கெட் போடப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் காகிதம் வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு அறை. அந்தக் கூடம் முழுவதும் ஜெராக்ஸ் கட்டுகளைப் பரப்பிவிட்டாள். ஜன்னல் ஓரம் இருந்தது தூசியால் நோய் வருகிறது என்றவர்கள், டிவி பக்கம் இருந்தது தூசிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றவர்கள், அறை வாசலில் கிடந்தது யாரோ சொன்னதைப் படிக்காமலே எடுத்து எழுதியவர்கள். கடைசிக் கட்டுதான் மூன்றிலும் பெரியது. நடக்க ஒரு பாதை விட்டிருந்தாள், அதில் ஒற்றை ஆளாகத்தான் போக முடியும். சித்திரை மாதம், விழுப்புரத்து வெயில், ஃபேன் போடக்கூடாது. ஃபேன் போட்டால் சம்பந்தமில்லை என்றவர்கள் சம்பந்தம் உண்டு என்றவர்களோடு கலந்துவிடுவார்களாம். நானும் வேணியும் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்படி இருக்கும்போது பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் ஒருநாள் அடுப்பு மூட்டக் காகிதம் கேட்டு வந்திருக்கிறது, நான் பார்க்காத நேரத்தில் டிவி பக்கத்துக் கட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் பாதி சாம்பல், மீதியில் வறுத்த மல்லாட்டைக் கடலையை மடித்துப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்தனுப்பியாகிவிட்டது. நல்லவேளை, நமக்கு எதிராகப் பேசினவர்கள்தானே போனார்கள் என்று ஆறுதல் சொன்னேன். அன்று அவள் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எதிராகப் பேசினவனைப் படிக்காமல் எழுதினால் அது ஆய்வு இல்லை, மேடைப் பேச்சு என்றாள். சக்கரபாணி சாரும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பினார். எரிந்துபோனவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து மறுபடி ஜெராக்ஸ் எடுக்க நான்கு மாதம் ஆனது.

பேச்சும் மாறிப்போனது மச்சான். நேற்று திண்டிவனத்தில் நல்ல மழை என்று சொன்னால், நீங்க பார்த்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா என்கிறாள். டிரைவர் சொன்னார் என்றால், அவர் பார்த்தாரா என்கிறாள். ஒருநாள் கோபத்தில், உங்கள் குடும்பத்தில் எல்லோருமே பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும். அழுவாள் என்று நினைத்தேன். எத்தனை பேரை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டாள். உன்னையும் உன் அண்ணனையும் வைத்து என்றேன். இரண்டு பேரை வைத்து ஒரு குடும்பத்தையே சொல்லக்கூடாது, மாதிரி போதாது என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். இப்படி ஒரு பெண்ணிடம் எப்படிச் சண்டை போடுவது.

சரி, உதவியாவது செய்வோம் என்று இறங்கினேன். கேள்வித்தாள் ஒன்று தயார் செய்திருந்தாள், எங்கே வேலை, எத்தனை வருடம், இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று இரண்டு பக்கம். அதை முதலில் நாற்பது பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். என் கையில் தினமும் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள், இதற்கு ஏன் கவலை என்று அவளிடம் சொல்லாமல் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போய், இரண்டே நடையில் நாற்பதையும் நிரப்பிக்கொண்டு வந்தேன். பார்த்தாள். நாற்பது பேரில் இருபத்தேழு பேர் ஆசிரியர், குமாஸ்தா, கல்லூரிப் பிள்ளைகள். கல் வேலைக்காரர் ஒருவர்கூட இல்லை. யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். உட்கார்ந்து வந்தவர்களிடம் என்றேன், நிற்கிறவர்கள் எப்படி எழுதுவார்கள், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. அவள் அந்த நாற்பதையும் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

“உக்காந்துக்கினு வர்றவங்களக் கேட்டா உக்காந்துக்கினு வர்றவங்க கததான் கெடைக்கும். நின்னுக்கினு வர்றவங்களத்தாங்க நான் தேடுறேன்” என்றாள்.

திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு டிக்கெட் கொடுக்கும்போது கம்பியைப் பிடித்திருக்கிற கைகள் மேல்தான் கண் போகிறது. மேல்மருவத்தூர் தாண்டினால் எனக்கு நாளெல்லாம் ஒரே கூட்டம்தான், எல்லாம் ஒரே முகம். இப்போது பேஜாராக இருக்கிறது.

இதுவரை எழுதியதைப் படித்து நீங்கள் ஓரிரு இடத்திலாவது சிரித்திருந்தால் எனக்குச் சந்தோஷம். இனி எழுதப்போவது அப்படி இல்லை.

நிற்கிறவர்களைத் தேடி என் வார விடுமுறையில் நானும் அவளோடு போக ஆரம்பித்தேன். திருவக்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் சின்னபொண்ணு என்று ஒரு அம்மா. அந்தத் தெருவில் நாங்கள் போன ஏழு வீட்டில் ஆறு வீட்டில் ஆண்கள் இல்லை. வேலைக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்டேன், விவரம் தெரியாமல். சின்னபொண்ணு அம்மாதான் கையை மேலே காட்டியது. அன்பு கேள்வி கேட்பதற்கு முன்னால், சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், அது ஆய்வு முறையாம். எதற்கு இந்த ஆய்வு, விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், பெயரை வெளியே சொல்ல மாட்டோம் என்றெல்லாம் படித்துக் காட்டினாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டது. பிறகு சொன்னது. “நீ கேளும்மா, எல்லாத்தியும் சொல்றேன். கைநாட்டு மட்டும் கேக்காத. எங்கூட்டுக்காரு செத்தப்போ ஒரு தாள்ல வச்சேன். குடிச்சிட்டு வுழுந்து செத்தாருன்னு அதுல எழுதியிருந்துதாம். அவரு பீடிகூட தொட்டதில்ல.”

அன்பு அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். கையெழுத்து இல்லாததால் அந்த அம்மா சொன்னது எதையும் ஆய்வில் சேர்க்க முடியாது. ஆனாலும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாள். இதைக் கேட்டு என்ன பிரயோஜனம், எழுத முடியாதே என்று வரும் வழியில் கேட்டேன். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இந்தக் காகிதங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன் மச்சான். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனால் மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தால் யாருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கட்டை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி இருக்கிறது: மேலும் ஆய்வு தேவை. 2006-ல் ஒருவர் வந்திருக்கிறார், நூற்றிருபது பேரைப் பார்த்திருக்கிறார், மேலும் ஆய்வு தேவை என்று எழுதிப் பட்டம் வாங்கியிருக்கிறார். 2014-ல் இன்னொருவர், எண்பது பேர், மேலும் ஆய்வு தேவை. 2019-ல் இருவர் சேர்ந்து வந்து அதே வரி. பார்க்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், தேவை மட்டும் குறையவில்லை. நீயும் இப்படித்தான் முடிப்பாயா என்று அன்பிடம் கேட்டேன். “வேற எப்படி முடிக்கறதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, எழுதறேன்” என்றாள்.

இவர்கள் எல்லோரும் தங்களுக்கு முன்னால் 1998-ல் ஒரு மருத்துவ மாணவர் எழுதிய ஆய்வேட்டைச் சுட்டிக் காட்டியிருந்தார்கள். அறுபது தொழிலாளிகளின் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார், பக்கம் 47 என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அதே 47. அன்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவர் செய்த தப்பை மற்றவர்கள் பார்க்காமல் எழுதியிருக்கலாம், நான் மூலத்தைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றாள். எல்லோரும் எழுதியதைத்தானே நீயும் எழுதப்போகிறாய், ஒரு பக்க எண்ணுக்காகவா ஊர் ஊராகப் போக வேண்டும் என்றேன். ஆறு கடிதம் எழுதி, எட்டு மாதம் காத்திருந்து, கடைசியில் சென்னையில் ஒரு நூலகத்தில் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம், வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அனுமதி வந்தது. போன மாதம் என் விடுமுறை நாளில் இருவரும் போனோம்.

தட்டச்சில் அடித்த பழைய புத்தகம், சிவப்பு அட்டை. 47-ம் பக்கத்தில் எக்ஸ்ரே எந்திரத்தின் படம்தான் இருந்தது, வேறு எதுவும் இல்லை. சரிதானே நான் சொன்னது என்பதுபோல் என்னைப் பார்த்தாள், அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு கடைசியில் இருந்த அட்டவணைகளைப் புரட்ட ஆரம்பித்தாள். அறுபது பேர், பெயர் இல்லை, எண் மட்டும். நான் எதிரில் உட்கார்ந்து அங்கே இருந்த பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கம் திரும்பும் சத்தம் நின்றுபோய் வெகு நேரம் ஆகிவிட்டதே என்று நிமிர்ந்தால், ஒரு வரியின் மேல் விரலை வைத்தபடி அப்படியே இருந்தாள். என்ன என்று கேட்டேன். நோட்டில் நிதானமாக எழுதிக்கொண்டாள், பக்க எண்ணையும் எழுதினாள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டாள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

திண்டிவனம் தாண்டியதும் நோட்டை எடுத்து எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். தொழிலாளி எண் 23. வயது முப்பத்தொன்பது. ஊர் கிளியனூர், உங்கள் ஊர்தான். துளை போடும் வேலை, பதினான்கு வருடம். இரண்டு பிள்ளைகள். காசநோய்க்காக மூன்று முறை சளிப் பரிசோதனை, மூன்றிலும் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் மேல் பாகத்தில் முடிச்சு முடிச்சாக, கல் தூசி இறுகியது. அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: முடிவுகள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட்டன.

“அவருகிட்ட சொன்னாங்களான்னு போடல” என்றாள் அன்பு.

மச்சான், உங்கள் அப்பா மாரியப்பனை நான் பார்த்ததில்லை. வீட்டில் அவர் போட்டோவும் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்பு எப்போதாவது துண்டு துண்டாகச் சொன்னதுதான். டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று ஊரில் சொன்னார்கள், பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு அவரை அங்கே மாற்றினீர்கள். பதினான்கு மாதம் அதில் கிடந்தார். கொட்டகை கட்டியது நீங்கள்தான், பதினேழு வயதில் தனியாகக் கட்டினீர்கள். தனித் தட்டு, தனி டம்ளர். அன்புக்கு அப்போது ஒன்பது வயது, கேப்பைக் களியைத் தட்டில் வைத்து ஒரு நீளக் குச்சியால் உள்ளே தள்ளிவிடுவது அவள் வேலை. கிட்டே போனால் அம்மா அடிக்கும். அவர் உள்ளேயிருந்து, இன்னொரு தரம் தள்ளு பாப்பா, கை எட்டல என்பாராம். இதை அவள் என்னிடம் சொன்னது கல்யாணமாகி ஆறாவது வருடம். கொட்டகை கட்டிய பிறகு நீங்கள் ஓசூருக்குப் போய்விட்டீர்கள், அவர் இறந்த மறுநாள்தான் வந்தீர்கள்.

உங்களை நான் குறை சொல்லவில்லை. அத்தை அடக்கத்துக்கு வந்தபோது நீங்கள் ஓசூரிலிருந்தே தண்ணீர் பாட்டில் கொண்டுவந்ததை, இங்கே ஒரு வாய் சாப்பிடாமல் போனதைப் பார்த்தேன். வருடா வருடம் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கிறீர்கள் என்று தங்கச்சி சொல்லியிருக்கிறது. அந்த மனிதன் குடும்பத்துக்கு நோயைக் கொண்டுவந்தான், அதனால்தான் மூன்று இடத்தில் பெண் கொடுக்கவில்லை என்று நீங்கள் ஒருமுறை சொன்னதும் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அது டிபி இல்லை மச்சான். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. அவர் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, கல் தூசி அவருக்குள்ளேயே இருந்துவிட்டது. உங்களுக்கு ஒன்றும் இல்லை, பூவரசனுக்கும் ஒன்றும் இல்லை. இனி பயமில்லாமல் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம். அந்தக் கொட்டகை தேவையில்லாமல் போட்டதுதான் என்பது இதோடு சேர்ந்தே வருகிறது, அதைப் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் யோசித்தேன். அதையும் தாங்கிக்கொள்வீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

கடைசியாக என் புகார். அன்று வீட்டுக்கு வந்த உங்கள் தங்கை மறுநாள் கல்லூரிக்குப் போனாள், பாடம் நடத்தினாள், திரும்பி வந்து இலக்கிய மீளாய்வில் ஒரு பத்தி எழுதினாள். 1998-ல் நடந்த ஆய்வில் அறுபது தொழிலாளிகளில் முப்பத்தொரு பேருக்குத் தூசி நோய் கண்டறியப்பட்டது, முடிவுகள் தொழிலாளிகளுக்குத் தெரிவிக்கப்பட்டதாகக் குறிப்பு இல்லை, பின்வந்த ஆய்வுகள் இதைக் கவனிக்கவில்லை. இவ்வளவுதான். அப்பா பெயரைப் போடு என்றேன். போடக்கூடாது என்றாள். கீழே ஒரு வரியாவது போடு, நன்றியிலாவது போடு என்றேன். பெயரை மறைத்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி, எனக்கு ஒரு விதி மற்றவர்களுக்கு ஒரு விதியா என்றாள். அந்த முப்பத்தொரு பேரில் ஒருவராக அவரை எண்ணி வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்த ஆராய்ச்சி போதும், நிறுத்திவிடு என்று நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் அண்ணன், ஒருமுறை வந்து சொன்னால் கேட்பாள். வரும் ஞாயிறுகளில் எதில் வந்தாலும் சரி, பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன்.

தங்கச்சி கலைப்பிரியாவுக்கு என் அன்பு. மாப்பிள்ளை பூவரசன் நன்றாகப் படித்து, தூசி இல்லாத வேலையாகப் பார்த்துப் போய் நெடுங்காலம் நன்றாக இருக்க வாழ்த்துகிறேன். உங்களுக்கும் வீட்டாருக்கும் எந்தக் குறையும் வராதிருக்க எல்லாச் சாமியையும் மாதாவையும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் மரியாதை மாறாத,
நெடுஞ்செழியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். இதை அனுப்பக்கூடாது, நீங்கள் எழுதியிருப்பது எதுவும் நிரூபணமாகவில்லை என்கிறாள். அப்போது கிளியனூரிலிருந்து அந்தக் கிரஷருக்குப் போனவர்கள் பதினோரு பேராம். அதில் அந்த வயதில், இரண்டு பிள்ளைகளோடு, துளை போடும் வேலையில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள், விசாரித்துப் பார்த்துவிட்டாள். 23 என்பது மூவரில் யாராகவும் இருக்கலாம். அதனால்தான் பெயர் போடவில்லையாம், என்னிடம் சொன்ன விதியெல்லாம் அதற்குப் பிறகுதானாம். அப்பாவாகவே இருந்தாலும், தூசி படிந்த நெஞ்சில் டிபி சீக்கிரம் தொற்றும், 98-ல் இல்லாதது 2000-ல் வந்திருக்கலாம். ஆகவே கொட்டகை தேவையில்லாமல் போட்டது என்று நான் எழுதியதும், பயப்பட வேண்டாம் என்று எழுதியதும், இரண்டுமே தப்பு. நெஞ்சைப் படம் எடுப்பதை அண்ணன் நிறுத்த வேண்டாம் என்று எழுதச் சொன்னாள். ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்ல யாரும் வரவும் வேண்டாமாம்.

பிறகு எழுந்து போனவள் திரும்பி வந்து, சரி, அனுப்புங்கள், ஆனால் கீழே ஒரு கேள்வி சேருங்கள் என்றாள். 98-ல் பள்ளிக்கூட லீவில் நீங்கள்தான் சைக்கிளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவீர்களாம். கிரஷருக்கு டாக்டர் வேன் ஒன்று வந்து, ஆட்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைப் படம் எடுத்ததா, அப்பா அந்த வரிசையில் நின்றாரா என்பது உயிரோடு இருப்பவர்களில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க முடியும். நின்றார் என்றாலும் எழுதுங்கள், நிற்கவில்லை என்றாலும் எழுதுங்கள், ஞாபகமில்லை என்றாலும் அதையே எழுதுங்கள், மூன்றும் பதில்தான் என்கிறாள். சொல்லிவிட்டு இங்கேயே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

இதற்குக் கீழே, நின்றார் என்றே சொல்லிவிடுங்கள் மச்சான் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். பதிலை வாயில் ஊட்டிவிட்டுக் கேள்வி கேட்கக்கூடாது, அந்த வரியை அடியுங்கள் என்றாள். அடித்துவிட்டேன். ஒற்றைக் கோடுதான் போட்டிருக்கிறேன்.